கூஸ்கூஸ் ஏன் வெள்ளிக்கிழமைக்கு மட்டும்?

கேள்வி சுருக்கமாக இது: அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மொராக்கோப் பெண், கேன்டீனில் செவ்வாய்க்கிழமை கூஸ்கூஸ், அதாவது கோதுமை ரவையை மணி மணியாக உருட்டி ஆவியில் அவிக்கும் பதார்த்தம், போட்டால் தொடுவதில்லை, "அது வெள்ளிக்கிழமைச் சாப்பாடு" என்று ஒதுக்கிவிடுகிறார். "உங்கள் அம்மா எப்படிச் செய்வார்?" என்று அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டதற்குக் கண் கலங்கிவிட்டார். வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் ஆகிவிடுகிற ரவைக்கு இவ்வளவா?

முதலில் அந்த வெந்நீரை மறந்துவிடுங்கள், பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கிறது. கடையில் அட்டைப்பெட்டியில் வருவது ஏற்கெனவே ஆவியில் வெந்து காயவைத்த சரக்கு, அதனால்தான் வெந்நீர் பட்டதும் ஊதிக்கொள்கிறது. மொராக்கோவில் ஒரு வயதான அம்மாவிடம் போய் "நானும் கூஸ்கூஸ் செய்வேன், வெந்நீர் ஊற்றி மூடுவேன்" என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். மெக்னெஸ் நகரத்தின் பழைய பகுதியில் ஒரு குடும்பத்தின் மொட்டை மாடி அறையில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தவன் நான். போன புதிதில், கெட்டிக்காரத்தனமாகப் பேசுவதாக நினைத்து இதைச் சொன்னதும் வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்த பார்வை, அரிசியைக் கழுவாமல் சமைப்பவனைப் பார்ப்பது போல இருந்தது. ஹஜ் போய் வந்தவர் என்பதால் தெருவே அவரை ஹாஜ்ஜா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே.

ஹாஜ்ஜா வீட்டில் வெள்ளிக்கிழமை வேலை காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடும். அகலமான, ஆழமில்லாத மண் தாம்பாளம் ஒன்று உண்டு, இரண்டு கையையும் விரித்தால்தான் விளிம்பைப் பிடிக்க முடியும். அதில் ரவையைக் கொட்டி, உப்புத் தண்ணீரை விரல் நுனியால் தெளித்து, நடுநடுவே மெல்லிய மாவைத் தூவி, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து வட்டமாக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தினால் கட்டி, விட்டுவிட்டால் தூள். மணி மணியாகத் திரண்டதும் சல்லடையில் சலித்து, பெரியதை உடைத்து, பொடியை மறுபடி உருட்டி, இப்படியே போகும். ஒவ்வொரு வாரமும் புதிதாக உருட்டுவார்கள் என்று சொல்லமாட்டேன். கோடையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர் மாடியில் கூடி மாதக்கணக்கில் வரும் அளவுக்கு உருட்டி வெள்ளைத் துணியில் காயவைத்துவிடுவதும் உண்டு. அந்த நாளில் மாடியில் எனக்கு இடமில்லை, சிரிப்புச் சத்தத்தில் தூங்கவும் முடியாது.

அப்புறம்தான் அவிப்பது. கீழே பானையில் இறைச்சி, வெங்காயம், கொண்டைக்கடலை, இஞ்சி, மிளகு, மஞ்சள், கொஞ்சம் குங்குமப்பூ, ஒரு கட்டுக் கொத்தமல்லி எல்லாம் கொதிக்கும். மேலே அடியில் ஓட்டை போட்ட கெஸ்கஸ் என்கிற பாத்திரம், அதில்தான் ரவை மணிகள். புட்டு அவிக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபட்டுவிடும். இரண்டு பாத்திரமும் சேரும் இடத்தில் ஆவி கசிந்தால் வேலை கெட்டது, அதனால் நீளமான துணிக்கீற்று ஒன்றை மாவு கரைத்த தண்ணீரில் நனைத்து அந்த இடுக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள், சூட்டில் அது காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மணிகளின் மேல்மட்டம் வரை ஆவி பொங்கி வந்த பிறகு கால் மணி நேரம், பிறகு எல்லாவற்றையும் தாம்பாளத்தில் கொட்டி, வெறுங்கையால் உதிர்த்து, உப்புத் தண்ணீர் தெளித்து, எண்ணெய் தடவி, மறுபடி ஏற்றுவது. மூன்று முறை. இரண்டாவது முறை கொட்டும்போது கை பொத்துப்போகிற சூடு, ஹாஜ்ஜாவின் உள்ளங்கை செக்கச்செவேல் என்று இருக்கும். கரண்டியால் கிளறலாமே என்றேன், கரண்டிக்குக் கட்டி தெரியுமா என்றார். கடைசி முறைக்கு ஸ்மென், அதாவது உப்புப் போட்டு மாதக்கணக்கில் பழுக்கவிட்ட வெண்ணெய், ஒரு உருண்டை. முதல் தடவை மோந்தவர்களுக்குக் காறலடித்த நெய் என்றுதான் தோன்றும், பத்தாவது வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அது இல்லாத கூஸ்கூஸ் வெறும் ரவையாகத் தெரியும்.

காய்கறிகள் வேகும் நேரம் பார்த்து ஒவ்வொன்றாகப் பானைக்குள் இறங்கும்: கேரட், டர்னிப், முட்டைக்கோஸ் முதலில், சுரைக்காய் இனத்துக் காய்களும் பரங்கிக்காயும் கடைசியில். ஏழு காய் என்பது காஸாபிளாங்கா பாணியின் கணக்கு. ஏழு என்று பெயர்தான், ஹாஜ்ஜா ஐந்தும் போடுவார் எட்டும் போடுவார். அளவு கேட்டால் மொராக்கோ முழுக்க ஒரே பதில்தான் வரும், "உன் கண்தான் உன் தராசு". இதை எழுதிக்கொண்டு போய் என்ன செய்வது என்று எரிச்சல்பட்டிருக்கிறேன், ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவர்களுக்கு மட்டும் புரிகிற அளவு அது, உங்கள் தோழியின் கண்ணீருக்கு அதில் ஒரு பங்கு இருக்கிறது.

ஏன் வெள்ளிக்கிழமை? ஜும்ஆ தொழுகை நாள். மொராக்கோவில் வார விடுமுறை சனி, ஞாயிறுதான், வெள்ளி வேலை நாள், ஆனால் தொழுகைக்காக அன்று மதிய இடைவேளை நீளமாக இருக்கும். பள்ளிவாசலிலிருந்து ஆண்கள் திரும்புவதும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதும், கல்யாணமாகி அதே ஊரில் இருக்கும் மகள் குழந்தையோடு வந்து இறங்குவதும் ஏறக்குறைய ஒரே நேரம். வாரத்தில் மற்ற நாளெல்லாம் ஆளுக்கொரு நேரத்தில் ரொட்டியும் தஜினும் (மூடி போட்ட மண் சட்டியில் வேகும் குழம்பு) சாப்பிடுகிற குடும்பம் அன்றைக்கு மட்டும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்காரும். ஆக, கூஸ்கூஸ் என்றாலே "எல்லாரும் வீட்டில் இருந்த நாள்" என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை தனித்தட்டில் அதை வைத்தால், மாப்பிள்ளை வீட்டாரே வராத நிச்சயதார்த்தத்துக்கு விருந்து போட்ட மாதிரி.

ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவதற்கு எழுதாத சட்டங்கள் இருக்கின்றன, அவற்றை நான் முதல் வெள்ளிக்கிழமையே மீறினேன். ரவை குன்றாகக் குவிந்திருக்கும், நடுவில் குழி பறித்து இறைச்சி, அதன்மேல் காய்கறிகள் கோபுரம் மாதிரி அடுக்கியிருக்கும். பிஸ்மில்லா சொன்ன கையோடு நான் நேரே கை நீட்டி நடுவிலிருந்த இறைச்சித் துண்டை எடுத்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குட்டிப் பையன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். விஷயம் என்னவென்றால் அவரவர் முன்னால் இருக்கிற பங்கிலிருந்துதான் உண்ண வேண்டும், உள்ளே உள்ளே குடைந்துகொண்டு போய்க் கடைசியில்தான் நடுவை அடைவது, இறைச்சியைப் பெரும்பாலும் அம்மாதான் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளுவார். யாருக்கு எலும்பு பிடிக்கும், யாருக்குப் பரங்கி ஆகாது, யார் நேற்று சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தள்ளுதலில் தெரியும். ஹாஜ்ஜா பேசாமலே சமாதானம் பண்ணுவதை அங்கேதான் பார்த்தேன். பெரியவர்கள் சிலர் கையால் உருண்டை பிடித்துச் சாப்பிடுவார்கள், உருண்டை உள்ளங்கையில் துள்ளித் துள்ளித் தானே திரளும், மற்றவர்களுக்குக் கரண்டி. கூடவே ல்பென் என்கிற மோர். சாப்பிட்டு முடித்ததும் "ப்ஸ்ஸஹா", உடம்புக்கு ஆகட்டும் என்று ஒரு வாழ்த்து.

இறைச்சி வைத்து மூடிய ஒரு தட்டு, யாரும் உட்காருவதற்கு முன்பே வெளியே போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். தெருவில் கார்களைப் பார்த்துக்கொள்ளும் காவலாளிக்கு, பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, புருஷனை இழந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. தட்டைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை பிள்ளைகளுக்கு, திரும்பி வருவதற்குள் தன் பக்கத்து உருளைக்கிழங்கை அண்ணன் எடுத்துவிடுவானோ என்ற கவலையோடு ஓடுவார்கள்.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ கூஸ்கூஸைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, மௌரித்தானியா நான்கும் சேர்ந்து கொடுத்த விண்ணப்பம். மொராக்கோவுக்கும் அல்ஜீரியாவுக்கும் நடுவே தரைவழி எல்லை 1994 முதல் மூடியே கிடக்கிறது, யார் வீட்டுக் கூஸ்கூஸ் அசல் என்ற சண்டை அதைவிடப் பழையது. அப்படிப்பட்டவர்கள் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வருடமே அல்ஜீரியா தூதரக உறவையும் துண்டித்துவிட்டது, அது வேறு.

சரி, கூஸ்கூஸ் மட்டும் இப்படியில்லை. மொராக்கோ வீட்டுச் சமையலில் நினைவில் நிற்கிற பதார்த்தம் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு நாளோடு முடிச்சுப் போட்டிருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு மூன்றாம் நாள் ர்ஃபீஸா: மெல்லிய அடுக்கு ரொட்டியைப் பிய்த்துப் பரப்பி, அதன்மேல் வெந்தயமும் பருப்பும் போட்டு வேகவைத்த கோழியையும் சாற்றையும் ஊற்றுவது. வெந்தயம் எதற்கு என்று தமிழ்நாட்டுப் பாட்டிகளுக்கு விளக்க வேண்டாம், பால் சுரக்கத்தான். அந்த வீட்டு மருமகளுக்குக் குழந்தை பிறந்தபோது வெந்தய வாசம் மூன்று நாள் படிக்கட்டில் நின்றது, இன்றைக்கும் எங்கேயாவது ர்ஃபீஸா பெயரைக் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் குழந்தையின் அழுகைதான், ருசி அப்புறம்.

நோன்பு மாதத்துக்கு ஹரீரா. தக்காளி, பருப்பு, கொண்டைக்கடலை, செலரி இலை, கொத்தமல்லி, கொஞ்சம் இறைச்சி, கடைசியில் மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கிய சூப், பேரீச்சம்பழமும், எள் சேர்த்த மாவைப் பூப்போல மடித்துப் பொரித்துத் தேனில் முக்கிய ஷெபாக்கியாவும் பக்கத்தில். ஹரீராவை வருடம் முழுக்கக் குடிக்கலாம், கடைகளில் குடிக்கிறார்கள். ஆனால் மாலை ஐந்து மணிக்கு ஒரு தெரு முழுக்க எல்லா வீட்டிலிருந்தும் ஒரே செலரி வாசம் எழும்பி, தெரு காலியாகி, பாங்கு கேட்கும் அந்த நொடியில் ஊரே ஒரே நேரத்தில் கிண்ணத்தைத் தூக்குவது அந்த ஒரு மாதத்தில்தான்.

பக்ரீத் ஆட்டின் வாலைத் தனியே உப்புப் போட்டுக் காயவைப்பார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா வரும், அன்றைய கூஸ்கூஸில் அந்த வால் விழும். 2025-இல் தொடர்ந்த வறட்சியால் மந்தைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்று சொல்லி, அந்த வருடம் ஆடு அறுக்க வேண்டாம் என்று மன்னர் ஆறாம் முகமது மக்களைக் கேட்டுக்கொண்டார். 1996-க்குப் பிறகு அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நியாயமான காரணம், பணமில்லாதவர்களுக்கு ஒரு வகையில் நிம்மதியும்கூட. ஆனாலும் ஹாஜ்ஜா தொலைபேசியில் என்னிடம் புலம்பியது பெருநாளைப் பற்றி இல்லை, "ஆஷூராவுக்கு வாலுக்கு எங்கே போவேன்" என்றுதான்.

இன்னொன்று, இந்த நினைவுகளில் பாதி வீட்டுக்குள் நடந்ததே இல்லை. பழைய ஊர்களில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பொது அடுப்பு, ஃபெர்ரான். வீட்டில் மாவைப் பிசைந்து தட்டி, பலகையில் அடுக்கி, துணி போர்த்தி, பிள்ளைகள் தலையில் வைத்துக்கொண்டு போவார்கள். ஐம்பது வீட்டு ரொட்டியும் ஒன்றாக வேகும். எது யாருடையது என்று அடுப்புக்காரருக்குத் தெரியும், சில வீடுகள் அடையாளத்துக்கு ஒரு குத்தோ கீறலோ போட்டு அனுப்பும், பலருக்கு அதுவும் வேண்டாம், கை வாகைப் பார்த்தே சொல்லிவிடுவார். யார் வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்கள், யார் வீட்டில் இந்த வாரம் பார்லி மாவு கலந்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும், நல்ல அடுப்புக்காரர் அதை வெளியே சொல்லமாட்டார். எரிவாயு அடுப்பு வீட்டுக்கு வீடு வந்த பிறகு பல ஃபெர்ரான்கள் மூடிவிட்டன. சமையல் குறிப்பு அழிகிறதே என்று கவலைப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, குறிப்பு எங்கேயும் போகாது, யூடியூபில் ஆயிரம் இருக்கிறது, சூடான ரொட்டியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டே வந்து திட்டு வாங்குகிற அந்த நூறு அடி தூரம்தான் போய்விட்டது.

அந்த ஃபெர்ரானுக்கே வெள்ளிக்கிழமை மாலையில் வேறு ஒரு பானை வரும், அல்லது வந்துகொண்டிருந்தது. யூத வீடுகளின் ஸ்கீனா: இறைச்சி, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, கோதுமை, ஓட்டோடு முட்டை எல்லாம் போட்டு மூடிய பானை. சனிக்கிழமை அவர்கள் நெருப்பு மூட்டக்கூடாது, அதனால் முந்தின நாள் பொழுது சாயுமுன் அடுப்பில் சேர்த்துவிட்டால் ராத்திரி முழுக்கத் தணலில் கிடந்து மறுநாள் மதியத்துக்கு முட்டை பழுப்பேறி வரும். 1948 வாக்கில் மொராக்கோவில் சுமார் 2,50,000 யூதர்கள் இருந்தார்கள், இன்று சில ஆயிரம் பேர்தான், மெக்னெஸிலும் அவர்கள் தெரு இருக்கிறது, ஆள் இல்லை. பாஸ்கா பண்டிகை முடிகிற இரவு, எட்டு நாள் புளித்த மாவே இல்லாமல் இருந்த அந்த வீடுகளுக்கு முஸ்லிம் அண்டை வீட்டார் மாவும் பாலும் வெண்ணெயும் கொண்டுபோவார்கள், அவர்கள் மொஃப்லெட்டா என்கிற மெல்லிய ரொட்டி சுட்டு, தேனும் வெண்ணெயும் தடவிக் கொடுப்பார்கள். அந்த இரவுக்கு மிமூனா என்று பெயர். இஸ்ரேலிலும் பாரிஸிலும் மான்ட்ரியாலிலும் இப்போதும் கொண்டாடுகிறார்கள், மாவு கொண்டுவருகிற அண்டை வீட்டுக்காரர் மட்டும் இல்லாமல். ஹாஜ்ஜாவின் கணவர் சின்னப் பையனாக மாவு தூக்கிக்கொண்டு போனவர். அந்த வீட்டு அம்மா பெயர் மறந்துபோச்சு, தேன் முழங்கை வரை வழிந்தது மறக்கவில்லை என்பார்.

"பாட்டி கைப்பக்குவம்" என்ற பேச்சில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபெஸ், ரபாத், மெக்னெஸ் போன்ற ஊர்களின் வசதியான வீடுகளில் மெல்லிய மாவுத்தாளில் பொதிந்து சுடும் புறா பஸ்தீயா, தேனும் உலர்திராட்சையும் போட்ட இறைச்சியான ம்ரூஸியா போன்ற நுணுக்கமான சமையலை உண்மையில் செய்தவர்கள் பல நேரம் "தாதா" என்று அழைக்கப்பட்ட வீட்டுப் பணிப்பெண்கள். சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட பெண்களும் அவர்கள் வழி வந்தவர்களும். 1912-இல் பிரெஞ்சு ஆதிக்கம் வந்தபின் அடிமைச் சந்தைகள் மூடப்பட்டன, வீடுகளுக்குள் அந்த வாழ்க்கை அதற்குப் பிறகும் நெடுநாள் தொடர்ந்தது. பிள்ளைகளை வளர்த்ததும் அவர்கள்தான், ஊட்டியதும் அவர்கள்தான், குடும்பப் புகைப்படத்தில் ஓரத்தில் நிற்பார்கள், பெயர் கேட்டால் "எங்கள் தாதா" என்பதோடு முடிந்துவிடும். நினைவில் பாட்டியாக நிற்பவர் எல்லாரும் பாட்டியாக மதிக்கப்பட்டவர்கள் இல்லை.

உங்கள் தோழிக்கு வருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் மொராக்கோக்காரர்களுக்கு இது இன்னும் கூர்மையாகக் குத்தும். 1963-இல் பிரான்ஸோடும் ஜெர்மனியோடும், 1964-இல் பெல்ஜியத்தோடும், 1969-இல் நெதர்லாந்தோடும் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டு ஆட்களை அனுப்பிய நாடு அது. முதலில் தனியாகப் போன ஆண்கள், பின்னால் போய்ச் சேர்ந்த மனைவிகள், அங்கேயே பிறந்த பிள்ளைகள். ஒவ்வொரு கோடையிலும் கார் கூரை வளைகிற அளவுக்குச் சாமான் கட்டி ஸ்பெயினைக் குறுக்கே கடந்து, கப்பலில் டான்ஜியர் வந்து இறங்குவார்கள். திரும்பும்போது அதே கூரையில் ஆலிவ் எண்ணெய், உப்பில் ஊறிய எலுமிச்சை, ஸ்மென், பாட்டி உருட்டிக் காயவைத்த கூஸ்கூஸ். அந்த எலுமிச்சைக்கு அவர்கள் பேச்சில் பெயர் "தூங்கவைத்த எலுமிச்சை", எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

ஹாஜ்ஜாவின் மகள் பிரஸ்ஸல்ஸ் போனபோது புதுக் கெஸ்கஸ், பானை எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாம் கட்டி முடித்த பிறகு அவள் சமையலறைக்குள் போய், ஆணியில் தொங்கிய அந்தத் துணிக்கீற்றை, மாவு காய்ந்து விறைத்துப்போயிருந்ததை, எடுத்து வந்து கைப்பையில் வைத்தாள். பெல்ஜியத்தில் துணி கிடைக்காதா என்று அப்பா கேட்டார். அம்மாவும் மகளும் பதில் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஹாஜ்ஜா பழைய தலையணை உறையிலிருந்து புதுக் கீற்று கிழித்துக்கொண்டார். பதினொரு மணிக்கு பிரஸ்ஸல்ஸிலிருந்து அழைப்பு வரும், தொலைபேசியைப் பானைக்குப் பக்கத்தில் வைத்து ஆவி வரும் சத்தத்தைக் கேட்கவைப்பாள், இவர் இங்கிருந்தே "இன்னும் இல்லை, இறக்காதே" என்பார். சத்தத்தில் என்ன தெரிகிறதோ, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அதனால் உங்கள் தோழியிடம் செய்முறை கேட்காதீர்கள், கண்தான் தராசு என்ற பதில்தான் வரும். தாம்பாளத்தில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள், பக்கத்தில் யார் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டால் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போங்கள், போதும் என்று நீங்கள் மூன்று தடவை சொல்லும் வரை யாரும் நம்பமாட்டார்கள். உங்கள் முன்னால் இருப்பதை மட்டும் சாப்பிடுங்கள், நடுவில் கை வைக்காதீர்கள், வீட்டில் கடைக்குட்டி யாராவது இருந்தால் சிரிப்பார்கள்.